ஆன் பண்ணுங்க, ஆனா கோர்னு எண்ணாதீங்க

டேட்டாபேஸ் ஓடுற சர்வர்ல ஹைப்பர்த்ரெடிங் ஆன்ல இருக்கணுமா, ஆஃப்ல இருக்கணுமா? இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டா போதும், நம்ம ஆளுங்க ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சிடுவாங்க. "சும்மா கிடைக்கிற கோர், எதுக்குய்யா விடணும்?" என்று ஒரு கோஷ்டி. "டேட்டாபேஸா? முதல்ல பயாஸுக்குள்ள போய் அதை ஆஃப் பண்ணு, அப்புறம் பேசு" என்று இன்னொரு கோஷ்டி. ரெண்டாவது கோஷ்டியில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்த அண்ணன்கள் இருப்பார்கள். அதனால் அவர்கள் சொல்வதே சரி என்று நாமும் தலையாட்டிவிடுவோம்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லயே வையுங்க. ஆனால் அதைக் கோர் என்று கணக்கில் சேர்க்காதீங்க. ஹைப்பர்த்ரெடிங்கை ஆன் பண்ணியதால் படுத்த சர்வர்களைவிட, 32 த்ரெட்டை 32 கோர் என்று நம்பித் திட்டம் போட்டதால் திணறும் சர்வர்களே அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஜெராக்ஸ் கடையும் ரெண்டு க்யூவும்

எந்த இன்ஜினியரிங் காலேஜ் வாசலிலும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். மெஷின் ஒன்றுதான். செமஸ்டர் நேரத்தில் ஒரே ஒரு க்யூ நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் நோட்டைக் கொடுக்கிறான், ரெண்டு பக்கம் எடுத்தாச்சு. அடுத்து "அண்ணா, மூணாவது யூனிட் எங்க இருக்குன்னு பார்க்கறேன், ஒரு நிமிஷம்" என்று பக்கத்தைப் புரட்ட ஆரம்பிக்கிறான். அவன் தேடி முடிக்கும் வரை மெஷின் சும்மா நிற்கிறது. பின்னால் இருக்கிறவர்களும் நிற்கிறார்கள்.

இப்போது கடைக்காரர் ரெண்டு க்யூ ஆக்குகிறார். மெஷின் அதே ஒன்றுதான். ஒரு க்யூவில் இருப்பவன் பக்கம் தேடும்போது அடுத்த க்யூவில் இருப்பவனுக்கு எடுத்துக் கொடுக்கிறார். மெஷின் சும்மா நிற்கிற நேரம் குறைகிறது, ஒரு மணி நேரத்தில் எடுக்கிற பக்கங்கள் கூடுகின்றன. ஆனால் ரெண்டு பேருமே பக்கத்தை ரெடியாக எடுத்து வைத்துக்கொண்டு வந்தால்? ஒருவனுக்கு ஒருவன் காத்திருக்கத்தான் வேண்டும். மெஷின் ரெண்டாகிவிடவில்லையே.

ஹைப்பர்த்ரெடிங் இவ்வளவுதான். ஒரு பிசிக்கல் கோருக்குள் ரெண்டு த்ரெட்டின் ரிஜிஸ்டர் நிலையைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியும். அதனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கண்ணுக்கு ரெண்டு லாஜிக்கல் ப்ராசஸர் தெரிகிறது. ஆனால் கணக்குப் போடுகிற எக்ஸிகியூஷன் யூனிட்டுகள் பொது. கேஷ் பொது. சில பஃபர்களை ரெண்டாகப் பங்கு போட்டுக்கொடுப்பார்கள். இன்டெல் இதை 2002-ல் ஜியான் சிப்பில் முதலில் கொண்டுவந்தபோது, இதற்காகச் சிப்பின் பரப்பளவு 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூடியது என்று அவர்களே எழுதினார்கள். அஞ்சு சதவீத இடத்தில் இன்னொரு முழுக் கோரை யாராலும் கட்ட முடியாது. இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டேட்டாபேஸுக்கும் இதற்கும் என்ன பொருத்தம்?

நல்ல பொருத்தம். ஏனென்றால் டேட்டாபேஸ் என்பது பக்கம் தேடிக்கொண்டே இருக்கிற பையன்.

ஒரு பி-ட்ரீ இன்டெக்ஸில் ஒரு வரியைத் தேடுகிறீர்கள். ரூட் நோடைப் படிக்க வேண்டும், அதில் கிடைக்கிற பாயின்ட்டரைப் பிடித்து அடுத்த நோடுக்குப் போக வேண்டும், அங்கிருந்து இன்னொன்று. முந்தையது கைக்கு வராமல் அடுத்தது எங்கே என்றே தெரியாது. அந்த நோடு கேஷில் இல்லாமல் மெயின் மெமரியிலிருந்து வரவேண்டும் என்றால் சுமார் 100 நேனோ செகண்ட் ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 300 சைக்கிள். முந்நூறு சைக்கிளும் அந்தக் கோர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவுட்-ஆஃப்-ஆர்டர் எக்ஸிகியூஷன் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், பாயின்ட்டர் வராமல் அதனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

இது ஊகம் இல்லை. 1999-ல் ஐலமாக்கி, டிவிட், ஹில், வுட் என்ற நான்கு பேர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு வணிக டேட்டாபேஸ்களை ஒரே மெஷினில் ஓட்டிப் பார்த்ததில், சராசரியாக ப்ராசஸர் நேரத்தில் பாதி வெறும் காத்திருப்பிலேயே போனது என்று கண்டார்கள். பாதி! டிஸ்க்குக்காகக் காத்திருப்பதை இதில் சேர்க்கவில்லை. டேட்டா மெமரியிலேயே இருக்கும்போது நடக்கிற கதை இது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1998-ல், இதே ஐடியாவைப் பிறப்பித்த வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, டேட்டாபேஸ் வேலையைச் சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்தது. ஒரு கோரில் எட்டு த்ரெட் ஓடும்படி அமைத்தபோது, ஓஎல்டிபி வேலையில், அதாவது சின்னச் சின்ன ட்ரான்சாக்ஷன் வேலையில், இன்ஸ்ட்ரக்ஷன் வேகம் மூன்று மடங்கானது. அது சிமுலேஷன், எட்டு த்ரெட். நிஜச் சிப்பில் ரெண்டு த்ரெட்டுடன் இன்டெல் 2002-ல் காட்டிய ஓஎல்டிபி எண், ஒன்று அல்லது ரெண்டு ப்ராசஸர் இருக்கிற சர்வரில் 21 சதவீத ஏற்றம். விற்கிறவன் சொல்கிற கணக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், விற்கிறவனே 100 சதவீதம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே டேட்டாபேஸுக்கு ஹைப்பர்த்ரெடிங் ஆகாது என்கிற வாதம் அடிப்படையிலேயே தலைகீழானது. மேட்ரிக்ஸ் பெருக்கல் மாதிரி வேலைக்குத்தான் அது பெரிதாக உதவாது. அங்கே ஒரே த்ரெட்டே எக்ஸிகியூஷன் யூனிட்டுகளை நிரப்பிவிடும், அடுத்தவனுக்கு மெஷின் காலி ஆகாது. காத்திருந்து காத்திருந்து ஓடுகிற டேட்டாபேஸ் மாதிரி வேலைக்குத்தான் இது பொருந்தும்.

அப்புறம் எப்படிக் கெட்ட பேர் வந்தது?

அண்ணன்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது வேறு சிப்.

முதல் ஹைப்பர்த்ரெடிங் வந்தது பென்டியம் 4 குடும்பத்து ஜியானில். அதன் எல்1 டேட்டா கேஷ் வெறும் 8 கிலோபைட். ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் நோட்டை விரித்து வைக்க ஒரு சின்ன மேஜை இருக்குமே, அதுதான் கேஷ். மேஜை ஒரு நோட்டுக்கே போதாத அளவு. அதில் ரெண்டு பேர் நோட்டை விரித்தால் என்ன ஆகும்? ஒருவன் வைக்கும்போது இன்னொருவனுடையது கீழே விழும். அவன் குனிந்து எடுத்து வைக்கும்போது இவனுடையது விழும்.

டேட்டாபேஸில் இது குறிப்பாக எங்கே வலிக்கும் என்றால், பின்னணியில் ஓடுகிற வேலைகளில். பஃபர் பூல் முழுவதையும் வரிசையாகப் புரட்டி, எந்தப் பக்கத்தை வெளியே தள்ளலாம், எதை டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று பார்க்கிற ஒரு த்ரெட் எல்லா டேட்டாபேஸிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். அது தொடுகிற மெமரி ஏராளம், ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் தொடும். அது ஒரு கோரின் ஒரு பக்கத்தில் ஓடினால், மறுபக்கத்தில் ஒழுங்காகக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்த த்ரெட்டின் கேஷ் மொத்தமாகத் துடைக்கப்பட்டுவிடும்.

அடுத்தது ஸ்பின்லாக். பூட்டு திறக்கும் வரை தூங்காமல், "ஆச்சா? ஆச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே நிற்கிற முறை. தனிக் கோரில் நின்றால் வீணாவது அந்தக் கோரின் நேரம் மட்டும்தான். ஹைப்பர்த்ரெடிங்கில் அப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பவன் பக்கத்து த்ரெட்டின் மெஷின் நேரத்தைத் தின்கிறான். பூட்டை வைத்திருப்பவனே அந்தப் பக்கத்து த்ரெட்டாக இருந்தால் இன்னும் விசேஷம்: சீக்கிரம் முடி என்று கத்தியே அவனை லேட் ஆக்குகிறான். இதற்காகத்தான் பென்டியம் 4-லேயே பாஸ் என்று ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் சேர்த்தார்கள். ஸ்பின் லூப்புக்குள் அதைப் போட்டால் அந்த த்ரெட் கொஞ்சம் மூச்சு விட்டு நிற்கும், பக்கத்து த்ரெட் ஓடும். பழைய புரோகிராம்களில் அது இல்லை.

மூன்றாவது, ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் 2000-க்கு லாஜிக்கல் ப்ராசஸருக்கும் பிசிக்கல் ப்ராசஸருக்கும் வித்தியாசமே தெரியாது. ரெண்டு ப்ராசஸர் உள்ள சர்வரில் ஒன்று முழுக்கக் காலியாக இருக்க, இன்னொன்றின் ரெண்டு பக்கமும் வேலையை ஏற்றிவிடும். வேகம் குறையாமல் என்ன செய்யும்?

இந்த மூன்றையும் சேர்த்து அடி வாங்கியவர்கள் "ஆஃப் பண்ணு" என்று எழுதி வைத்தார்கள். அன்றைக்கு அது நியாயம். 2006-ல் வந்த கோர் வகைச் சிப்புகளில் இன்டெலே ஹைப்பர்த்ரெடிங்கை எடுத்துவிட்டது. 2008-ல் நெஹேலம் வரும்போது திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்தத் தடவை எல்1 டேட்டா கேஷ் 32 கிலோபைட், ஒவ்வொரு கோருக்கும் தனி எல்2, எல்லாருக்கும் பொதுவாகப் பெரிய எல்3, மெமரி கன்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே. அதற்குள் ஆபரேட்டிங் சிஸ்டங்களும் முதலில் காலிக் கோரைத் தேடு, அது இல்லை என்றால்தான் பக்கத்து த்ரெட்டில் ஏற்று என்று கற்றுக்கொண்டுவிட்டன. மேஜை பெரிதாகிவிட்டது, கடைக்காரரும் தேறிவிட்டார். அறிவுரை மட்டும் 2005-லேயே நிற்கிறது.

அதற்காகச் சிக்கல் அடியோடு தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஸ்கைலேக் சிப்பில் அந்தப் பாஸ் இன்ஸ்ட்ரக்ஷன் எடுக்கும் நேரத்தைச் சுமார் 10 சைக்கிளிலிருந்து 140 சைக்கிள் வரை நீட்டிவிட்டார்கள். பழைய கணக்கில் பாஸ் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்த டேட்டாபேஸ்கள் திடீரென்று பல மடங்கு நேரம் தூங்க ஆரம்பித்தன. மைஎஸ்க்யூஎல் 8.0.16-ல் அந்தச் சுற்றின் அளவை நாமே மாற்றிக்கொள்ள ஒரு தனி செட்டிங் சேர்த்தார்கள். சிப் மாறினால் பதிலும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த 50 சதவீதம் ஒரு பொய்

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். ஹைப்பர்த்ரெடிங் மேல் இல்லை இந்தப் புகார், அதை நாம் படிக்கிற விதத்தின் மேல்.

ஒரு சர்வர், 16 கோர், 32 த்ரெட். கணக்குக்காக ஒரு கேள்வி ஒரு கோரில் தனியாக ஓடினால் சரியாக 1 மில்லிசெகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஹைப்பர்த்ரெடிங்கால் இந்த வேலைக்குக் கிடைக்கிற லாபம் 25 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 16 கோர் மட்டும் இருந்தால் ஒரு செகண்டுக்கு 16,000 கேள்வி. ஹைப்பர்த்ரெடிங்கோடு 20,000.

இப்போது செகண்டுக்கு 16,000 கேள்வி வந்துகொண்டிருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் ஒழுங்காகக் கோருக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது. 32 லாஜிக்கல் ப்ராசஸரில் 16 பிஸி. டாப் கமாண்ட் போட்டுப் பார்க்கிறீர்கள்: சிபியு 50 சதவீதம். "அட, பாதி சும்மாத்தான் கிடக்கு. இன்னும் ஒரு மடங்கு கூட்டம் வந்தாலும் தாங்கும்" என்று தோன்றும். டீம் லீடும் அப்படியே ரிப்போர்ட் எழுதுவார்.

உண்மையில் மிச்சம் இருப்பது எவ்வளவு? 20,000-ல் 16,000 போக, 4,000. இப்போது இருக்கிற கூட்டத்தில் கால் பங்கு கூடினாலே கதை முடிந்தது. மீட்டர் 50 காட்டும்போது வண்டி ஏற்கெனவே 80-ல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு யுனிவர்சிட்டி ரிசல்ட் வருகிற காலையை நினைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிஷத்தில் 50 சதவீதம். எல்லாரும் நிம்மதியாக டீ குடிக்கப் போகிறார்கள். ஹாஸ்டலில் இருக்கிறவன் எழுந்து, அவன் ஊரில் இருக்கிற அப்பாவுக்கும் நம்பரைச் சொல்லி, கூட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது. பக்கம் சுற்ற ஆரம்பிக்கிறது. டேஷ்போர்டில் பாதி காலி என்று காட்டிய சர்வர் எப்படி விழுந்தது என்று யாருக்கும் புரியாது. கடைசியில் பழி நெட்வொர்க் மேலேயோ, ஸ்கிரிப்ட் எழுதிய ஜூனியர் மேலேயோ போகும். அந்த ஜூனியர் ரெண்டு வருஷம் கழித்து நீங்களாகவும் இருக்கலாம். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இதே தப்புக் கணக்கு கனெக்ஷன் பூலிலும் நடக்கும். போஸ்ட்கிரஸ் விக்கியில் பல வருஷமாக ஒரு தோராயச் சூத்திரம் இருக்கிறது: கோர் எண்ணிக்கையை ரெண்டால் பெருக்கு, அதோடு ஒரே நேரத்தில் வேலை செய்கிற டிஸ்க்குகளின் எண்ணிக்கையைக் கூட்டு; அவ்வளவு கனெக்ஷன் போதும். ஹைப்பர்த்ரெடிங் ஆன்ல இருந்தாலும் அதன் த்ரெட்டுகளைக் கோர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று அங்கேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நம்மில் பலர் கன்ஃபிக் ஃபைலில் 32 என்று பார்த்து, அதை ரெண்டால் பெருக்கி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று நூறைப் போடுகிறோம்.

"தனித்தனியா பார்த்தா ஸ்லோ ஆகுதே?"

நியாயமான கேள்வி. மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள். 32 த்ரெட்டும் நிரம்பி 20,000 கேள்வி ஓடும்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஆகிற நேரம் 1 மில்லிசெகண்ட் இல்லை, 1.6 மில்லிசெகண்ட். மெஷினைப் பங்கு போட்டால் ஒவ்வொருவரின் வேலையும் இழுக்கத்தான் செய்யும். இதைக் காட்டித்தான் "லேட்டன்சி முக்கியம், அதனால ஆஃப்" என்பார்கள்.

ஆனால் அதே கூட்டத்துக்கு ஹைப்பர்த்ரெடிங்கை ஆஃப் செய்து பாருங்கள். செகண்டுக்கு 20,000 வருகிறது, 16,000 போகிறது. ஒவ்வொரு செகண்டும் 4,000 கேள்வி க்யூவில் சேருகிறது. பத்தே செகண்டில் 40,000 பேர் காத்திருப்பார்கள். கடைசியில் நிற்பவனுக்கு இரண்டரை செகண்ட் வெறும் காத்திருப்பு. 0.6 மில்லிசெகண்டை மிச்சம் பிடிக்கப் போய் 2,500 மில்லிசெகண்டைத் தலையில் கட்டியாச்சு. பயனாளிக்குத் தெரிவது கோருக்குள் ஆன நேரம் இல்லை, க்யூவையும் சேர்த்த நேரம்.

கூட்டம் எப்போதும் குறைவாகவே இருக்கும் என்றால்? அப்போது காலிக் கோர்கள் இருக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கத்து த்ரெட்டைத் தொடவே தொடாது. ஆன்ல இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஆக, கூட்டம் இல்லாதபோது கெடுதல் குறைவு, கூட்டம் வரும்போது லாபம். நடுவில் ஒரு பகுதி உண்டு, முக்கால்வாசி நிரம்பி, ஒரு கேள்வி கூட ஒரு எல்லையைத் தாண்டக் கூடாது என்கிற கெடுபிடி இருக்கிற இடம். பங்குச் சந்தை ஆர்டர் மாதிரி. அவர்கள் ஆஃப் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் ஹாஸ்டல் மெஸ் பில் சிஸ்டத்துக்கு அந்தக் கெடுபிடி கிடையாது.

நிஜமாகவே ஆஃப் பண்ண வேண்டிய இடங்கள்

முதலாவது, பாதுகாப்பு. ஒரே மேஜையில் ரெண்டு பேர் நோட்டை விரித்தால், ஒருவன் எழுதியதை மற்றவன் எட்டிப் பார்க்கலாம். இதை 2005-லேயே காலின் பெர்சிவல் நிரூபித்தார்: பக்கத்து த்ரெட் கேஷை எப்படித் தொடுகிறது என்று அளந்தே ஆர்எஸ்ஏ ரகசியச் சாவியின் பெரும்பகுதியை ஊகிக்க முடிந்தது. 2018-ல் ஃபோர்ஷேடோ, 2019-ல் ஜோம்பிலோட் என்று வரிசையாக வந்தன. ஓபன்பிஎஸ்டி 2018-லேயே ஹைப்பர்த்ரெடிங்கைத் தானாகவே ஆஃப் ஆகும்படி மாற்றியது. 2019-ல் குரோம் ஓஎஸ்ஸும் அதே வழிக்குப் போனது. உங்கள் சர்வரில் முன்பின் தெரியாதவர்களின் கோட் ஓடுகிறதா, வெவ்வேறு ஆட்களின் விர்ச்சுவல் மெஷின்கள் ஒரே கோரைப் பங்கு போடுகின்றனவா என்று பாருங்கள். ஆம் என்றால் வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஆஃப் செய்துவிடுங்கள். அல்லது லினக்ஸ் 5.14 முதல் இருக்கிற கோர் ஷெட்யூலிங்கைப் பயன்படுத்தி, ஒருவரை ஒருவர் நம்புகிற ப்ராசஸ்கள் மட்டும் ஒரு கோரைப் பகிரும்படி வையுங்கள். டேட்டாபேஸ் மட்டுமே ஓடுகிற தனி சர்வரில் இந்த ஆபத்து மிகவும் குறைவு.

இரண்டாவது, லைசென்ஸ். இதை நம் பாடப்புத்தகத்தில் யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் கம்பெனியில் முடிவெடுப்பது பல நேரம் இதுதான். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரை நேரடியாக ஒரு பிசிக்கல் சர்வரில் ஓட்டினால் லைசென்ஸ் கணக்கு பிசிக்கல் கோருக்கு. ஹைப்பர்த்ரெடிங்குக்குத் தனிக் காசு கிடையாது. அதையே விர்ச்சுவல் மெஷின் அளவில் லைசென்ஸ் எடுத்தால் கணக்கு விர்ச்சுவல் கோருக்கு. அமேசான் கிளவுடில் இன்டெல் சிப்பில் ஓடும் மெஷின்களில் ஒரு விசிபியு என்பது ஒரு ஹைப்பர்த்ரெட்தான். அப்படி 16 விசிபியு எடுத்தால் கிடைப்பது 8 கோர், லைசென்ஸ் 16-க்கு. ஹைப்பர்த்ரெடிங்கை ஆஃப் செய்தால் 8 விசிபியு, 8 லைசென்ஸ். கால் பங்கு வேகத்துக்காக லைசென்ஸுக்கு இரட்டிப்புக் காசு கொடுப்பது புத்திசாலித்தனமா? இங்கே ஆஃப் செய்வதே சரி. போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் என்று இலவச டேட்டாபேஸ் ஓட்டினால் இந்தத் தலைவலியே இல்லை.

கிளவுட் பற்றி இன்னொன்று. அமேசானின் கிராவிடான் ஆர்ம் சிப்பில் ஹைப்பர்த்ரெடிங் மாதிரி ஏற்பாடே கிடையாது. அங்கே ஒரு விசிபியு ஒரு முழுக் கோர். ஆக 8 விசிபியு என்று ரெண்டு விளம்பரம் பார்த்தால், ஒன்றில் 8 கோர், மற்றொன்றில் 4 கோர். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ரெண்டையும் அடுத்தடுத்த காலத்தில் போட்டு "ஆர்ம் வேகமானது" என்று முடிவு எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஒரு நிமிஷம் நில்லுங்கள். நீங்கள் ஒப்பிட்டது ஆர்மையும் இன்டெலையும் அல்ல, எட்டையும் நாலையும்.

நீங்களே அளந்து பாருங்க

இவ்வளவு சொன்னாலும் என் பேச்சை நம்ப வேண்டாம். லேப்பில் ஒரு சாதாரண லினக்ஸ் மெஷினும் போஸ்ட்கிரஸும் இருந்தால் ஒரு மதியத்தில் பதில் கிடைத்துவிடும். லினக்ஸ் 4.19 முதல் ரீபூட் கூடத் தேவையில்லை. சிஸ் டைரக்டரிக்குள் சிபியு பகுதியில் எஸ்எம்டி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கன்ட்ரோல் என்று ஒரு ஃபைல். ரூட் ஆக இருந்து அதில் ஆஃப் என்று எழுதினால் பக்கத்து த்ரெட்டுகள் போய்விடும், ஆன் என்று எழுதினால் திரும்ப வரும்.

போஸ்ட்கிரஸோடு பிஜிபெஞ்ச் என்று ஒரு சோதனைக் கருவியும் வரும். அதை வைத்து 1, 4, 8, 16, 32, 64 என்று கிளையன்ட் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றையும் ஆன்ல மூன்று தடவை, ஆஃப்ல மூன்று தடவை. நாலே நாலு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

ஒன்று, லோடு கொடுக்கிற பிஜிபெஞ்ச்சை வேறு மெஷினில் ஓட்டுங்கள். அதே சர்வரில் ஓட்டினால் அதுவே த்ரெட்டுகளைத் தின்றுவிடும், எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

இரண்டு, டேட்டா மெமரிக்குள் அடங்கும்படி வைத்து ஒரு தடவை, அடங்காதபடி வைத்து ஒரு தடவை. டிஸ்க்குக்காக எல்லாரும் காத்திருக்கும்போது ஹைப்பர்த்ரெடிங் ஆன் ஆனாலும் ஆஃப் ஆனாலும் ஒரே எண்தான் வரும். அதைப் பார்த்து "வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

மூன்று, சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். மெதுவான 1 சதவீதக் கேள்விகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். பிஜிபெஞ்ச்சில் செகண்டுக்கு இத்தனைதான் அனுப்பு என்று வேகத்தைக் கட்டிப்போடவும் முடியும். ஒரே வேகத்தில் ஆன், ஆஃப் ரெண்டையும் ஓட்டினால்தான் லேட்டன்சியை நேர்மையாக ஒப்பிட முடியும்.

நான்கு, லேப்டாப்பில் செய்யாதீர்கள். சூடு ஏறினால் கிளாக் வேகம் தானாக இறங்கும். புதிய இன்டெல் லேப்டாப்களில் பெரிய கோர், சின்னக் கோர் என்று கலந்து வேறு இருக்கும். கிடைக்கிற எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

வரைபடம் வந்தபிறகு ஒன்று கவனியுங்கள். கிளையன்ட் எண்ணிக்கை கோர் எண்ணிக்கையைத் தொடும் வரை ரெண்டு கோடும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மேல்தான் பிரிய வேண்டும். பிரியும் இடைவெளிதான் உங்கள் வேலைக்கு ஹைப்பர்த்ரெடிங் தரும் நிஜ லாபம். அந்த எண்ணை வைத்துத்தான் சர்வரின் கொள்ளளவைத் திட்டமிட வேண்டும், டாப் காட்டுகிற சதவீதத்தை வைத்து அல்ல. ஒருவேளை ஆஃப் கோடு மேலே போனால்? அப்போது உங்கள் டேட்டாபேஸில் ஏதோ ஒரு பூட்டுக்காகப் பலர் முட்டிக்கொள்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஆஃப் செய்து அதை மூடி மறைப்பதைவிட, அந்தப் பூட்டைக் கண்டுபிடிப்பது மேல்.

இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கேள்வி?

இன்டெல் 2024-ல் விட்ட லூனார் லேக் லேப்டாப் சிப்பில் ஹைப்பர்த்ரெடிங்கே இல்லை. அதே வருஷம் வந்த, சின்னக் கோர்கள் மட்டும் உள்ள ஜியான் 6 சர்வர் சிப்பிலும் இல்லை. பெரிய கோர் உள்ள ஜியான் 6-ல் இருக்கிறது. ஏஎம்டி எபிக்கில் இதே ஏற்பாடு எஸ்எம்டி என்ற பெயரில் இருக்கிறது. ஐபிஎம் பவரில் ஒரு கோருக்கு எட்டு த்ரெட் வரை போகும். ஆக ஒரே கேள்விக்கு ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. அடுத்த அஞ்சு வருஷத்தில் இது இன்னும் மாறும்.

நம் ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் லாஜிக்கல் ப்ராசஸர் பற்றி வருவது பெரும்பாலும் ரெண்டு மார்க் கேள்வியோடு சரி. டிபிஎம்எஸ் பேப்பரில் நார்மலைசேஷன் வரும், சிபியு கேஷ் வராது. கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில் கேஷ் வரும், டேட்டாபேஸ் வராது. மூன்றும் ஒரே மெஷினுக்குள்தான் நடக்கிறது. அந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வைக்கிற மலிவான லேப் எக்ஸர்சைஸ் இதுதான். புதுசாக எதையும் வாங்கத் தேவையில்லை. ஒரு ஃபைலில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும்.

இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தால் "ஆன்" என்றோ "ஆஃப்" என்றோ மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். "ஆன்லதான் வைப்பேன் சார். ஆனா சர்வர்ல யார் யாரோட கோட் ஓடுது, லைசென்ஸ் எந்தக் கணக்குல, இதை ரெண்டையும் கேட்டுக்குவேன். கொள்ளளவைப் பிசிக்கல் கோரை வெச்சுத்தான் போடுவேன்" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போகாமல், "அது ஏன்?" என்று கேட்டால் நல்லது. உங்கள் லேப் வரைபடத்தை அப்போது எடுத்துக் காட்டலாம்.